முகமூடி போட்ட முதல் கோலி பிளாண்ட்தான் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

வடக்குவாசல்:
நேற்று பரமு இங்கே மொன்றியால் கனேடியன்ஸ் அணியின் கோல்காப்பாளர், அதாவது கோலி, ஜாக் பிளாண்டின் வாழ்க்கையை நீளமாக எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது, முதல் வரியைத் தவிர. "ஐஸ் ஹாக்கியில் முகமூடி அணிந்த முதல் கோலி" என்று ஆரம்பிக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் அருமை, அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா? மொன்றியால் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட் 1930 பிப்ரவரியிலேயே தோல் முகமூடியோடு என்எச்எல் (வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்) ஆட்டத்தில் நின்றாயிற்று. பிளாண்ட் போட்டது 1959 நவம்பர் 1. கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

சும்மா_வந்தேன்:
கோலி என்றதும் விராட் கோலி பற்றி என்று நினைத்து ஓடி வந்தேன். மன்னிக்கவும், போகிறேன்.

பரமு_மொன்றியால்:
வந்துவிட்டார் ஐயா, அளவுகோலோடு. பெனடிக்ட் அதை எத்தனை ஆட்டத்தில் போட்டார்? மூக்குப் பகுதி பார்வையை மறைக்கிறது என்று சில ஆட்டங்களிலேயே கழற்றி வீசிவிட்டார். அதோடு கதை முடிந்தது. அடுத்த 29 வருஷம் என்எச்எல்லில் ஒருவரும் அதைத் தொடரவில்லை.

பிளாண்ட் கதை அப்படியா? நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரணியான ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த பக் (ரப்பர் வட்டு) நேராக முகத்தில். மூக்கோரம் கிழிந்து பனியெல்லாம் ரத்தம். உள்ளே கூட்டிப் போய்த் தையல் போட்டார்கள். அப்போது அணிக்கு ஒரே கோலிதான். அவர் விழுந்தால் அந்த ஊர் அரங்கில் கைவசம் இருக்கும் ஏதோ ஓர் அமெச்சூர் ஆளை நிறுத்த வேண்டும். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு முகமூடியே ஆகாது. பயிற்சியில் போட்டுக்கொள், ஆட்டத்தில் கூடாது என்பது அவர் சட்டம். அன்றைக்கு பிளாண்ட், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிளேக் என்ன செய்வார்? இறக்கினார். 3-1 வெற்றி.

வடக்குவாசல்:
கதை நன்றாக இருக்கிறது. நான் கேட்டது கதை இல்லை. 1930 முன்னால் வருமா, 1959 முன்னால் வருமா?

வேலு_ரொறன்ரோ:
ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள் பரமு அண்ணை. அந்த பக் தற்செயலாகப் படவில்லை. அதற்குச் சற்று முன்னால் பிளாண்ட் பாத்கேட்டை இடறிச் சுவரில் மோதவிட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் முகத்தைக் குறிவைத்ததாகப் பின்னாளில் பாத்கேட்டே ஒப்புக்கொண்டார். உங்கள் ஹீரோ ஒன்றும் பால்குடி மாறாத பிள்ளை இல்லை.

பரமு_மொன்றியால்:
ரொறன்ரோக்காரர்கள் பேச வந்துவிட்டீர்களா? 1967க்கு அப்புறம் உங்கள் அணி எடுக்கவே இல்லாத ஸ்டான்லி கோப்பை, அதுதான் லீக் சாம்பியன் கோப்பை, எப்படி இருக்கும் என்று நினைவிருக்கிறதா? பிளாண்ட் 1956 முதல் 1960 வரை வரிசையாக ஐந்து எடுத்தவர். 1953இல் எடுத்ததையும் சேர்த்தால் ஆறு.

வேலு_ரொறன்ரோ:
அந்த ஆறு கோப்பைக்காரரை 1963இல் நியூயார்க்குக்குத் தள்ளிவிட்டது யார்? நாங்களா? 1970இல் அவரைக் கூட்டி வந்தது எங்கள் மேப்பிள் லீஃப்ஸ். அந்தப் பருவத்தில், 42 வயதில், ஆட்டத்துக்கு 1.88 கோல்தான் விட்டார். லீக்கிலேயே அதுதான் குறைவு. ஆஸ்துமாவுக்கு ரொறன்ரோ ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பெல்லாம் அணியோடு தங்காமல் வேறு ஹோட்டல் தேடிப் போன மனிதர். அதே ஊர்க் காற்றில்தான் இந்த ஆட்டம் ஆடினார்.

தமிழ்ச்சுவை:
டொராண்டோவா, ரொறன்ரோவா? ஒரு ஊரை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை, கோலியைப் பற்றி விவாதம். "பனி வளைகோல் பந்தாட்டம்" என்று எழுதினால் கை வலிக்குமா?

வேலு_ரொறன்ரோ:
நாங்கள் முப்பது வருஷமாக இங்கே இருக்கிறோம். எங்கள் ஊரை நாங்கள் எப்படி எழுதுவது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அப்புறம், அதில் பந்தே கிடையாது ஐயா. தட்டையான ரப்பர் வட்டு.

வடக்குவாசல்:
எல்லாரும் திசை திருப்புகிறீர்கள். தெளிவாகவே சொல்கிறேன். 1930 ஜனவரியில் ஹோவி மோரென்ஸ் அடித்த பக் பெனடிக்ட்டின் முகத்தை உடைத்தது. குணமாகி வந்தபோது தோல் முகமூடி. இந்த மனிதர் சாதாரண ஆள் இல்லை. கோலி தரையில் விழுந்து தடுக்கக்கூடாது என்று விதி இருந்த காலத்தில், தவறி விழுவதுபோல விழுந்து விழுந்தே தடுத்தார். கடைசியில் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. நான்கு ஸ்டான்லி கோப்பை. அவருக்கு ஒரு வரி கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் கனேடியன்ஸ் ஆள் இல்லை.

பரமு_மொன்றியால்:
மரூன்ஸும் மொன்றியால் அணிதான் என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

வடக்குவாசல்:
தெரியும். அதனால்தான் இன்னும் கேவலம். சொந்த ஊர்க்காரரையே மறைக்கிறீர்கள்.

கோலியின்_அம்மா:
குறுக்கே வருகிறேன். என் மகன் பத்து வயது, கோலி. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அரங்கில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே நெற்றிப் பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதைக் காரில் வைத்தால் ஜன்னலைத் திறக்காமல் வீடு வந்து சேர முடியாது. போன வாரம் ஒரு பக் அவன் முகக்கம்பியில் பட்டு 'டிங்' என்று சத்தம் வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவன் தலையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றான். யார் முதலில் போட்டாரோ, அவருக்கு நன்றி.

வடக்குவாசல்:
நன்றி பெனடிக்ட்டுக்குப் போகட்டும் அக்கா.

பரமு_மொன்றியால்:
தோல் முகமூடியிலா அக்கா மகன் ஆடுகிறான்? பிளாண்ட் போட்டது கண்ணாடியிழை. பில் பர்ச்மோர் என்பவர் அவர் முகத்துக்கு அச்செடுத்துச் செய்து கொடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் உங்கள் மகன் தலையில் இருக்கிறது.

நூலகர்_ரவி:
இரண்டு பேரும் தப்பு. 1927இல் கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் எலிசபெத் கிரஹாம் வாள்வீச்சு முகமூடியோடு கோல் காத்தார். உங்கள் 1930க்கு மூன்று வருஷம் முன்னால்.

வடக்குவாசல்:
அது கல்லூரி ஆட்டம். நாம் என்எச்எல் பற்றிப் பேசுகிறோம்.

நூலகர்_ரவி:
உங்கள் முதல் பதிவில் நீங்கள் எடுத்துக் காட்டிய வரி "ஐஸ் ஹாக்கியில்" என்றுதான் இருக்கிறது. மேலே போய்ப் பாருங்கள்.

வடக்குவாசல்:
அது பரமுவின் வரி. என் தலையில் கட்டாதீர்கள். போன மாதம் "பிளாண்ட் ஏழு வெசினா விருது வாங்கினார்" என்று இதே பரமு எழுதியபோது, 1969இல் வாங்கியது செயின்ட் லூயிஸ் அணியில் இன்னொரு கோலி க்ளென் ஹாலோடு பங்கு போட்டது, ஆகவே ஆறரை என்றேன். அதற்கும் எல்லாரும் என் மேலேதான் பாய்ந்தீர்கள். நான் மறக்கவில்லை.

பரமு_மொன்றியால்:
ஆறரை வெசினா! இதை உலகத்தில் வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா? விருதை வெட்டி எடையா போட்டார்கள்?

வேலு_ரொறன்ரோ:
அப்போதெல்லாம் வெசினா, குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கோலிக்குத் தானாகப் போய்ச் சேரும். முன்னால் கனேடியன்ஸின் தடுப்பாட்டக்காரர் டக் ஹார்வியை நிறுத்தினால் நானும் ரெண்டு வாங்கியிருப்பேன்.

பரமு_மொன்றியால்:
ஹார்வி 1961இல் போய்விட்டார் தம்பி. அடுத்த வருஷம் 1962இல் பிளாண்டுக்கு வெசினாவோடு ஹார்ட் விருதும் வந்தது. லீக்கிலேயே அணிக்கு மிக முக்கியமான வீரர் என்று. கோலிக்கு அது கிடைப்பது அபூர்வம். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். ஆஸ்துமாவால் நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது என்றுதான் கோல் பக்கம் போனவர். தன் குல்லாயைத் தானே பின்னிப் போட்டுக்கொண்டவர். சில அரங்குகளில் கோல் கம்பி உயரம் சரியில்லை என்று அவர் சொன்னபோது சிரித்தார்கள். அளந்தார்கள். அவர் சொன்னதே சரி.

வடக்குவாசல்:
கம்பியை அளந்தவருக்கு வருஷத்தை அளக்கத் தெரியாத ரசிகர்கள்.

பரமு_மொன்றியால்:
1960 மார்ச்சில் பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒரே ஒரு ஆட்டம் முகமூடி இல்லாமல் நின்றார். டெட்ராய்டிடம் 3-0 தோல்வி. மறுபடி போட்டார், பிறகு கழற்றவே இல்லை. பெனடிக்ட் போட்டுக் கழற்றினார், இவர் கழற்றிப் பார்த்துவிட்டுப் போட்டார். இந்த வித்தியாசம் புரியவில்லையா?

வடக்குவாசல்:
புரிகிறது. விடாமல் போட்டவர் என்று எழுதுங்கள். முதல் என்று எழுதாதீர்கள். 1930.

நூலகர்_ரவி:
1927.

தமிழ்ச்சுவை:
"முகமூடி" என்பதும் தவறு. திருடன் போடுவதுதான் முகமூடி. இது முகக்காப்பு.

பரமு_மொன்றியால்:
நாளை இரண்டாம் பகுதி போடுகிறேன். பாஸ்டன், எட்மன்டன் அணிகளில் ஆடியது, கடைசியில் 1986இல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தது வரை. முதல் வரியை மாற்றப்போவதில்லை.

வடக்குவாசல்:
போடுங்கள். நானும் இங்கேதான் இருப்பேன்.

கோலியின்_அம்மா:
பத்து வயதுக்குச் சரியாக இருக்கும் பழைய முகமூடி யாரிடமாவது இருக்கிறதா? அவனுக்கு இப்போதுள்ளது இறுக்குகிறது.