8 நாளுக்கு ஒருமுறை குடிநீர். டிரம்மில் கொசுப்புழு இருந்தால் யார் பொறுப்பு?

தெருக்குழாய்: குடிநீர் 8 நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் பிடித்து வைக்காமல் வழியில்லை. நகராட்சி ஆள் டார்ச் அடித்துப் பார்த்துப் புழு இருந்தால் அபராத நோட்டீஸ். டெங்குவில் எது வீட்டுக்காரர் வேலை, எது நகராட்சி வேலை? அந்த நோட்டீஸ் செல்லுமா?

ஈரக்கோடு: செல்லும். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே கொசு உற்பத்தியைத் தடுக்கும் பொறுப்பு இடத்தின் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இருக்கிறது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை இடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. காய்ந்து மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரியும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அந்த நீர்மட்டக் கோட்டுப் பகுதியை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். எனவே தண்ணீர் வருவதற்கு முந்தின நாளே மிச்சத்தைக் குடத்துக்கு மாற்றி, டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் நீர் நின்றது 7 நாள்தான். டிரம் மூடியின் குழிவையும் பாருங்கள், மழைநீர் அங்கேயே தேங்கும்.

அளவுக்குவளை: கவிழ்க்க முடியாத தொட்டிக்கு அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து. அது நகராட்சிப் பணியாளர் ஊற்ற வேண்டியது. தேவை லிட்டருக்கு 1 மில்லிகிராம். 50 சதவீத மருந்தில் 1000 லிட்டருக்கு 2 மில்லி. 200 லிட்டர் டிரம்முக்கு 0.4 மில்லியை யாரும் அளக்க மாட்டார்கள். 2 மில்லியை 1 லிட்டர் நீரில் கலந்து அதில் 200 மில்லி ஊற்றினால் கணக்கு சரி. கண்மதிப்பில் ஊற்றுவதுதான் தப்பு: குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் வாடை தாங்காமல் வீட்டில் கொட்டிவிடுவார்கள்.

நகராட்சி அடிக்கும் புகை மருந்து, பறக்கிற கொசுவுக்கு மட்டும். ஏடிஸ் கட்டிலடியிலும் தொங்கும் துணியிலும் உட்காரும். கதவைச் சாத்திய வீட்டுக்குள் புகை எங்கே போகும்? என் பார்வையில் அது பாதி கண்துடைப்பு.

காய்ச்சல்கணக்கு: மருத்துவமனையும் நகராட்சியும் கோட்டை விடுவது தகவலில். நோயாளியின் ரத்தத்திலிருந்து கொசுவுக்கு வைரஸ் போவது பெரும்பாலும் காய்ச்சலின் முதல் 5 நாளில். கடித்த கொசு 8 முதல் 12 நாளில் பரப்பத் தொடங்கி, சாகும்வரை பரப்பும். மருத்துவமனை ஒரு வாரம் தாமதமாகச் சொன்னால், பணியாளர் தெருவுக்கு வரும்போது அந்த 5 நாளும் போயிருக்கும். வீட்டார் பங்கு: நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைப்பது. ஏடிஸ் பகலில் கடிப்பது.

காவல் நிலைய வளாகத்தில் கிடக்கும் பறிமுதல் வண்டிகளின் டயர், பாதியில் நிற்கும் கட்டடத்தின் லிஃப்ட் குழி, இவற்றுக்கும் அதே சட்டம்தான். வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் ‘எத்தனை முறை புகை அடித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்ற பிரெட்டோ குறியீட்டை வார்டுவாரியாகக் கேளுங்கள்.

தெருக்குழாய்: பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு?

ஈரக்கோடு: அதுவும் வாரம் ஒருமுறை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். கழற்ற வராத தட்டு என்றால் பழந்துணியால் ஒற்றி எடுத்து, ஓரத்தைத் தேயுங்கள்.