ஆடி முதல் நாள்: தேங்காய்க்குள் தண்ணீரைத் திரும்ப விடலாமா?

சேலத்தான்:
"ஆடிக்குப் பண்டிகை என்றால் பதினெட்டுதான், ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் தலை ஆடி அன்று சாயங்காலம் வந்து பாருங்கள், தெருவெல்லாம் புகை. தேங்காயைத் தரையில் உரசி நார் இல்லாமல் வழுவழுப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை இறக்கி, அவல், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், வெல்லம் போட்டு, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப விட்டு, அழிஞ்சில் குச்சி செருகிச் சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்த பிறகுதான் வாயில் வைப்போம். இது விளையாட்டா?

கரூர்க்காரி:
எல்லாம் சரி அண்ணே, தண்ணீரை ஏன் திரும்ப விடுகிறீர்கள்? எங்கள் வீட்டில் ஒரு சொட்டு விடமாட்டோம். வெல்லம் உருகினாலே போதும்.

சேலத்தான்:
தண்ணீர் இல்லாமல் பாசிப்பருப்பு எப்படி வேகும்? பல்லில் கடகடவென்று கடிபடும்.

கரூர்க்காரி:
ஊறவைத்துப் போடுங்கள். தண்ணீர் விட்டால் உள்ளே கஞ்சிதான் இருக்கும்.

தஞ்சைத் தம்பி:
நேற்று எழுதியது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்வேன். பதினெட்டு அன்று திருவையாற்றுப் படித்துறைக்கு வாருங்கள். காதோலை கருகமணி, புது மஞ்சள் கயிறு, சித்ரான்னம், பிள்ளைகள் இழுத்து வரும் சப்பரம். காவிரி ஆற்றுக்கு நன்றி சொல்லும் நாள் அது. அதன் பக்கத்தில் தேங்காயை வைத்துப் பேசாதீர்கள்.

சேலத்தான்:
தம்பி, அந்த ஆறு எங்கள் மேட்டூரைத் தாண்டித்தான் உங்களுக்கு வருகிறது. பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். தொடக்கம் வேண்டாம், முடிவு மட்டும் வேண்டுமா?

தஞ்சைத் தம்பி:
மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பதே எங்கள் குறுவைக்காகத்தான். போன தையில் பொங்கல் பானைக்கும் இப்படித்தான் சண்டைக்கு வந்தீர்கள், நான் மறக்கவில்லை.

சேலத்தான்:
நானும் மறக்கவில்லை. அன்றைக்கும் ஆரம்பித்தது நீங்கள்தான்.

கரூர்க்காரி:
பானை இருக்கட்டும். தண்ணீர் விட்டுச் சுட்டால் ஓடு வெடிக்குமா வெடிக்காதா, அதைச் சொல்லுங்கள்.

சேலத்தான்:
நாற்பது வருஷமாகச் சுடுகிறேன், ஒன்றுகூட வெடித்ததில்லை. முழுத் தண்ணீரையா விடுகிறேன்? கால் பங்குதான். கண்ணைக் குச்சியால் இறுக்கி அடைத்து, ஓடு கருகி விரிசல் விடும் வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உடைத்தால் பூரணம் தேங்காய்ப் பருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அக்கா, அடுத்த ஆடிக்குக் கால் பங்கு விட்டுப் பாருங்கள்.

கரூர்க்காரி:
ஒரு சொட்டும் விடமாட்டேன்.