முழு உடலும் தெரியும்படி சண்டைகளைப் படமாக்கிய பழைய ஹாங்காங் படங்கள் எவை?

கேள்வி:
புரூஸ் லீயின் படங்கள் அனைத்தையும், எண்பதுகளில் வந்த ஜாக்கி சான் படங்களில் பெரும்பாலானவற்றையும், இந்தோனேசியாவின் ‘தி ரெய்ட்’ இரு பாகங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். அண்மைக்காலப் படங்கள் பலவற்றில் ஒரு குத்துக்கு மூன்று ஷாட் என்று வெட்டி ஒட்டுவதால், யார் யாரை அடித்தார் என்பதே தெரிவதில்லை. தலை முதல் கால் வரை நடிகரின் உடல் திரையில் தெரிய, அவர் கையாளும் முறையை நின்று கவனிக்க இடம் தரும் பழைய ஹாங்காங் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:
லாவ் கார்-லியுங் இயக்கிய படங்களிலிருந்து தொடங்குங்கள். புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வொங் ஃபெய்-ஹுங்கின் மாணவரான லாம் சாய்-விங்கிடம் பயின்றவர் இவருடைய தந்தை. அந்த மரபில் வளர்ந்தவரே இயக்குநராகவும் சண்டை அமைப்பாளராகவும் இருந்ததால், எந்த அசைவையும் கேமரா ஒளித்து வைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

1978இல் வெளிவந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து வரும் கோர்டன் லியுவின் கைகளில் கத்திகள் கட்டப்பட்டிருக்கும். சோர்ந்துபோய்க் கையைத் தாழ்த்தினால் அவை விலாவில் குத்தும். அவருடைய தோள் நடுங்குவதை நாம் பார்த்துக்கொண்டே இருப்பதால், பின்னால் வரும் சண்டைகளில் அந்தத் தோளின் வலிமையை வசனம் எதுவும் இல்லாமலே நம்பிவிடுகிறோம்.

அதே ஆண்டில் அவர் எடுத்த ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ படத்தையும் தவறவிடாதீர்கள். சீனக் கணவருக்கும் ஜப்பானிய மனைவிக்கும் தத்தம் நாட்டுக் கலையைப் பற்றி எழும் சண்டை, வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று வரிசையான போட்டிகளாக விரிகிறது. ஒருவர்கூடச் சாகாத குங்ஃபூ படம் என்பதற்காகவே அதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

மற்றொரு பதில்:
மேலே சொன்னவை அருமையான தேர்வுகள். ஆனால் வெட்டு என்றாலே குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிங் ஹூ 1966இல் எடுத்த ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தில், நடனம் பயின்றவரான செங் பெய்-பெய் விடுதியில் அசையாமல் அமர்ந்திருக்க, சுற்றிலும் கொள்ளையர்கள் நெருங்கும் காட்சியில் அடிக்கு முந்தைய அமைதிதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘எ டச் ஆஃப் ஸென்’ மூங்கில் காட்டுச் சண்டையில் கிங் ஹூ ஷாட்களை வேகமாக வெட்டுவது உண்மைதான். ஆயினும் யார் எங்கே நிற்கிறார் என்பது ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. அந்தப் படம் 1975இல் கான் விழாவில் விருது பெற்றது.

இன்னொரு பதில்:
மிக அருகில் நின்று கைகளால் போரிடும் விங் சுன் என்ற குங்ஃபூ முறையைக் காண விரும்பினால் சாமோ ஹங் இயக்கிய ‘தி ப்ராடிகல் சன்’ (1981) படத்துக்கு நிகராக எதையும் நான் சொல்ல மாட்டேன். புரூஸ் லீயின் குருவான இப் மேனுடைய ஆசிரியருக்கு ஆசிரியரான லியுங் ஜானாக யுவன் பியாவ் நடித்திருக்கிறார். பணக்காரத் தந்தை எதிராளிகளுக்குக் காசு கொடுத்துத் தோற்க வைப்பது தெரியாமல் தன்னை வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்த இளைஞனை, பெண் வேடமிடும் நாடகக் கலைஞராக வரும் லாம் சிங்-யிங் எளிதில் வீழ்த்துகிறார். ஓரடி இடைவெளிக்குள் கைகள் ஒன்றையொன்று தடுத்து, வழுக்கி, மீண்டும் தாக்குவதை அவரிடம் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இவற்றின் பழைய பிரதிகள் சிலவற்றில் படம் மங்கலாகவும் குறுகலாகவும் இருக்கிறதே, அவற்றையே பார்க்கலாமா?

முதல் பதிலளித்தவர்:
வேண்டாம். நான் சொன்ன இரண்டையும் தயாரித்த ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் படங்கள் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சி அளவுக்கு இருபுறமும் நறுக்கிய பிரதியில் கம்புச் சண்டை நடக்கும்போது கம்பின் முனையும் எதிராளியும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். நீங்கள் தேடும் முழு உடல் அங்கே கிடைக்காது. செலஸ்டியல் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட அகலத்திரைப் பிரதிகளைத் தேடிப் பாருங்கள்.