டியூ-4: ஈயடிச்சான் காப்பியா, இல்லையா?

கோடாங்கி: நம் இணைய மன்றத்தின் பக்கத்துத் திரியில் ஒரு மேதை எழுதுகிறார், சோவியத்தின் டியூ-4 குண்டுவீச்சு விமானம் அமெரிக்க பி-29ஐப் பார்த்து "ஊக்கம் பெற்றது" மட்டும்தானாம். ஊக்கமா! 1944இல் விளாடிவஸ்தோக் பக்கம் இறங்கிய பி-29களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டு, ஒன்றை ஆணி ஆணியாகப் பிரித்தார்கள். 1947இல் டியூ-4 பறந்தது. அக்மார்க் ஈயடிச்சான் காப்பி.

துரும்பன்: எஞ்சின் வேறு. சோவியத் எஞ்சின் வடிவமைப்பாளர் ஷ்வெத்சோவ் செய்தது. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கோடாங்கி: வந்துட்டாரய்யா! அந்த எஞ்சினின் தாத்தா யார்? அமெரிக்க ரைட் நிறுவனத்தின் சைக்ளோன் எஞ்சின்.

துரும்பன்: அது உரிமம் வாங்கிச் செய்தது. காசு கொடுத்தால் காப்பி ஆகாது. எஞ்சின் வேறு.

வெண்ணிலா77: ஏட்டில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்து, தானும் ஒரு ஈயை அடித்து ஒட்டினானே குமாஸ்தா, அவன் கதைதான் இது. பி-29 இறக்கையில் தவறுதலாகப் போட்டிருந்த ஓட்டையைக்கூட விடாமல் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

பழைய பேப்பர்: குமாஸ்தா இல்லை, பரீட்சை எழுதிய மாணவன்.

வெண்ணிலா77: எங்கள் ஊரில் குமாஸ்தாதான்.

துரும்பன்: ஓட்டைக் கதையை விடுங்கள். அமெரிக்கத் தகடு அங்குலக் கணக்கு, சோவியத் ஆலைகளில் மில்லிமீட்டர். அதே தடிமனில் தகடு கிடைக்காமல், எடையையும் வலுவையும் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். பீரங்கியும் வேறு, 23 மி.மீ. ஈயடிக்கிறவன் கணக்குப் போடுவானா?

கோடாங்கி: அச்சு அசலாக அடிக்க முடியாததால் போட்ட கணக்கு அது! மாற்றாமல் செய் என்பது ஸ்டாலின் உத்தரவு. ஆளைப் பார்த்து எழுதியவன் கடைசி வரியில் பேனா மையை மாற்றினால் சொந்தச் சரக்காகிவிடுமா? போன மாதம் சோவியத் விண்வெளி ஓடமான புரான் பற்றிய திரியில் மூக்குடைபட்ட கோபத்தை இங்கே கொட்டாதீர்கள்.

துரும்பன்: யார் மூக்கு உடைந்தது? அமெரிக்க விண்வெளி ஓடத்தில் முக்கிய எஞ்சின்கள் ஓடத்திலேயே இருக்கும், புரானில் அவை ராக்கெட்டில். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய பேப்பர்: மறுபடியும் எஞ்சினா?

கோடாங்கி: சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. வெளித்தோற்றத்தைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும்.

துரும்பன்: குழந்தையை ஏன் இழுக்கிறீர்கள்? 1988இல் ஆளே இல்லாமல் போய்த் தானாகவே தரையிறங்கியது புரான். அதை யாரிடம் பார்த்து அடித்தார்களாம்?

கோடாங்கி: ஒரே ஒரு தடவை பறந்ததற்கு இவ்வளவு பெருமையா! புரானுக்குப் புதுத் திரி தொடங்குகிறேன். துணிவிருந்தால் அங்கே வாருங்கள்.

துரும்பன்: அங்கேயும் எஞ்சின் வேறுதான்.