பிரெஸ் (PRES) என்ற மூளை வீக்கம் வந்து குணமானவர்கள் பெங்களூரில் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். என் தங்கைக்குப் பிரசவமான மறுவாரமே தாங்க முடியாத தலைவலி, அப்புறம் கண் மங்கல். பக்கத்து கிளினிக்கில் தூக்கமின்மை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரஷர்கூடப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் ஆறவில்லை. அன்று இரவே வலிப்பு.

பெரிய ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்து, பிரெஸ் என்றார்கள். ரத்த அழுத்தம் திடீரென எகிறும்போது மூளையில், பெரும்பாலும் பின்பக்கத்தில், நீர் கோத்து வீங்குமாம். பார்வையைக் கவனிக்கும் பகுதி அதுதான். வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்டும் பிரஷருக்கு லேபட்டலாலும் ஏற்றினார்கள். பிரஷரை மட்டும் மெதுவாகத்தான் இறக்கினார்கள். முதல் சில மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும் என்று டாக்டர் விளக்கினார். இப்போது பார்வை தெளிந்து வீட்டில் இருக்கிறாள்.

இங்குள்ள நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் காட்ட நினைக்கிறோம். அங்கே புறநோயாளிப் பிரிவில் எப்படிப் பதிவது, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? தமிழில் பொறுமையாகப் பேசும் நரம்பியல் டாக்டர் யாரையாவது தெரியுமா? உங்கள் வீட்டில் வலிப்பு மாத்திரையை எவ்வளவு காலத்தில் நிறுத்தினார்கள்? டாக்டரைக் கேட்காமல் நாங்கள் எதையும் மாற்ற மாட்டோம், அனுபவம் தெரிந்தால் மனசுக்குத் தெம்பு. சிறுநீரக மாற்றுக்குப் பிறகு, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தால் இது வந்தவர்களும் எழுதுங்கள்.

முக்கியமாக, பிரசவத்தில் இதைத் தாண்டி வந்த ஒரு பெண் என் தங்கையோடு போனில் பேசினால் பெரிய உதவி. அடுத்த குழந்தை என்றாலே அழுகிறாள். பகலில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.