குற்றவியலும் அரசியலமைப்பும் படிப்பித்த எங்கள் சேர்: பழகியவர்கள் எழுதுங்கள்

அரசடி, மட்டக்களப்பு

சேர் ஓய்வு பெற்றுப் படுவான்கரையில் உள்ள சொந்த ஊருக்கே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பற்றி எழுத இதைவிட நல்ல நேரம் இல்லை.

கொழும்புச் சட்டபீடத்தில் குற்றவியல் சட்டம், அரசியலமைப்புச் சட்டம் இரண்டையும் எங்களுக்கு அவர்தான் எடுத்தார். முதல் நாள், கொலைக்கு எந்தப் பிரிவு என்று கேட்டார். பின்வாங்கில் இருந்து "302" என்று சத்தம் வந்தது. தமிழ்ப் படம் தந்த அறிவு. "அது இந்தியாவில. நமக்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. எது கொலை என்று 294 சொல்லுது, தண்டனை 296இல இருக்கு. எடுத்து வாசியுங்க" என்றார். எதைக் கேட்டாலும் முதலில் பிரிவை வாசிக்க வேண்டும். அபிப்பிராயமெல்லாம் அப்புறம்தான்.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை அவர் எடுத்த நாள் எனக்கு மறக்காது. 1993இல் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். தமிழ் மட்டும்தான் தெரியும். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்து 1995இல் 50 வருடத் தண்டனை கொடுத்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொல்லியும், 2006இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

சேர் பலகையில் இரண்டு பிரிவுகளை எழுதினார். ஒன்று, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25: பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக எண்பிக்க முடியாது. மற்றது, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும். வற்புறுத்தி வாங்கியது என்று காட்டுகிற சுமையும் எதிரியின் தலையிலேயே. "அப்போ அரசியலமைப்பு என்ன சொல்லுது?" என்று கேட்டு, உறுப்புரை 13(5)ஐ ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னார். குற்றவாளி என்று எண்பிக்கும்வரை எவரும் சுத்தவாளி என்று வாசித்து நிறுத்தினாள். "நிறுத்தாதீங்க மகள், கீழேயும் வாசியுங்க." கீழே, குறித்த சில விடயங்களை எண்பிக்கும் சுமையைச் சட்டத்தால் எதிரிமேல் போடலாம் என்று இருக்கிறது.

வகுப்பில் யாரும் கதைக்கவில்லை. கிழக்கில் இருந்து போன எங்களுக்குச் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அநியாயம் எந்த வரிக்குள் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிய முதல் ஆள் அவர்தான். இன்றைக்கும் ஒரு வழக்குக் கோவை கைக்கு வந்தால், வாக்குமூலத்தை யார் எழுதினார், என்ன தரத்தில் இருந்தார், எந்த மொழியில் எழுதினார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அக்கரைப்பற்று

நான் அவரிடம் படித்தவள் இல்லை. எங்கட காக்காவை (அண்ணனை) ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டார்கள். உம்மாவோடு சேரைத் தேடிப் போனோம். உம்மா அழுதுகொண்டே தொடங்க, முழுக்கக் கேட்டார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் திகதி?"

அடிப்படை உரிமை மனுவை அரசியலமைப்பின் உறுப்புரை 126இன்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்தது கொஞ்ச நாள்தான். "கல்முனை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு இன்றைக்கே போங்க. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்க" என்றார். மாதம் முடியமுன் அங்கே முறையிட்டால், விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்க மாட்டார்களாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு என்று துண்டில் எழுதியும் தந்தார். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொன்னதும் அவர்தான். மனுவைப் போட்டுவிட்டோம். அந்த அறிவுரை கிடைக்காவிட்டால் காக்காவின் வழக்கு உயர் நீதிமன்ற வாசலையே மிதித்திருக்காது.

வாழைச்சேனை

நான் இப்போது சட்டம் படிக்கிறேன். சேர் இன்னமும், சட்டமூலங்கள் வெளிவருகிற வர்த்தமானியை வாசிக்கிறார். அரசியலமைப்பின் உறுப்புரை 80(3)இன்படி, சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. அதனால் சட்டமூலமாக இருக்கும்போதே பிழை பிடிக்க வேண்டும் என்று எங்களைப் பிடித்து உட்கார வைத்து வாசிப்பிக்கிறார். வர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். தமிழ்ப் பிரதியை அச்செடுத்து, பென்சிலும் கொண்டு வாங்க. வாசிக்காமல் வருகிறவர்களை அவர் கதைக்க விடமாட்டார்.