கோச்சி ரோட்டில் (ரயில் பாதையில்) ராத்திரி நடை: மழை பெய்யும்போது மதகு காய்ந்திருந்தால்

ரயில் பாதை பார்க்கிற வேலை என்றால் சுத்தியலோடு போய் தண்டவாளத்தைத் தட்டிப் பார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் பாதை பார்த்து நடந்த எங்களுக்கு இரும்பைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை அதிகம்.

நானுஓயா வரை ரயில் வந்தது 1885இல். மலையை வெட்டிப் போட்ட ஒற்றைப் பாதை, 44 அடி போனால் ஓரடி ஏறும் இடங்கள். ஒரு பக்கம் வெட்டிய சரிவு, மறுபக்கம் பள்ளம். மேலே தேயிலை. தோட்டத்துக் கானில் (வடிகாலில்) இறங்கும் மழைத் தண்ணீர் பாதையோரக் கானுக்கு வந்து, மதகு வழியாகப் பாதைக்கு அடியால் போய்விட வேண்டும். இதில் எங்காவது அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும்.

ஒரு தென்மேல் பருவமழை ராத்திரி, சிங்கமலைச் சுரங்கம் தாண்டி கொட்டகலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். டோர்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகாத பனிமூட்டம். கூட வந்த தம்பி ஒரு மதகுக்கு மேல் நின்றுவிட்டான். “அண்ணே, இதுல தண்ணி சத்தமே இல்லயே” என்றான். மற்ற மதகெல்லாம் இரைந்துகொண்டிருக்க, இது மட்டும் காய்ந்திருந்தது. கொட்டுகிற மழையில் மதகு காய்ந்திருந்தால் மேலே எங்கேயோ தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். ஏறிப் பார்த்தோம். ஒரு கருப்பந்தைல மரம் வேரோடு சாய்ந்து, மண்ணும் புதருமாகத் தோட்டத்துக் கானை அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் குளம் மாதிரித் தண்ணீர்.

உடனே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினோம். ஒற்றைப் பாதை என்பதால், டேப்லட் என்கிற அனுமதி வில்லை டிரைவர் கையில் இல்லாமல் எந்த ரயிலும் அந்தப் பகுதிக்குள் வர முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டால் போதும். இருந்தாலும் ஆளுக்கொரு பக்கமாகப் போய், தண்டவாளத்தில், சக்கரம் ஏறினால் வெடிக்கிற எச்சரிக்கை வெடி கட்டிச் சிவப்பு விளக்கோடு நின்றோம். பனியில் டிரைவருக்கு விளக்கு தெரியாமல் போகலாம், வெடிச் சத்தம் கேட்கும். பதுளைக்குப் போகும் இரவுத் தபால் ரயில் ஹட்டனிலேயே நின்றது.

விடியும் முன்னே அந்தத் தேக்கம் உடைந்தது. சேறு பாதையைக் கடந்து, பள்ளத்துப் பக்கம் கருங்கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போனது. தண்டவாளம் உடையவே இல்லை. தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் அந்தரத்தில் தொங்க, மேலே பாதை வழக்கம்போல நேராகக் கிடந்தது. வேகமாக வரும் டிரைவரின் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. இந்த வேலையை மனிதர்கள் ஏன் நடந்தே செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரும்பு விஷயத்தில் கடுங்குளிர் மாதங்கள் மோசம். ராத்திரியில் தண்டவாளம் சுருங்கும், மூட்டில் இடைவெளி கூடும், இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் இரும்புப் பட்டையான பிஷ் பிளேட்டின் போல்ட்டுக்கு இழுவை அதிகமாகும். அப்படி ஒரு தை மாதக் காலையில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓர் அக்கா ஓடி வந்தார். “அந்த வளைவுல கோச்சி போறப்ப சத்தம் வேற மாதிரி கேக்குதுங்க” என்றார். போய்ப் பார்த்தால் பிஷ் பிளேட் ஒன்றில் விரிசல். தினமும் அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவருக்கு அது மாறினால் தெரிந்துவிடுகிறது. அவரை மாதிரி ஆட்கள் தோட்டத்து லயன் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒருநாளும் தட்டிக்கழிக்கக் கூடாது. பாதையில் நடக்கிறவர்களுக்குச் சிறுத்தை, குளவி பயமும் உண்டு. சிறுத்தை தானாக விலகிப் போய்விடும், குளவிதான் ஆபத்து. கூடு இருக்கும் இடம் தெரிந்தால் அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் துண்டாகிப் போனது. அவ்வளவு மழைக்கு எந்தக் கானும் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண மழைக்கே சரிகிற இடங்கள் இருக்கின்றனவே! காடாக விட்ட தேயிலை மலைகளில் கான் வெட்டுவதே இல்லை. அது தோட்டத்து எல்லை, பாதைக்காரர்கள் கைவைக்க முடியாது. தண்ணீருக்கு எல்லை தெரியுமா? பாதைக்கு மேலே இருக்கும் கான்களையாவது தோட்டமும் ரயில்வேயும் சேர்ந்து, சித்திரை முடிவதற்குள், மே மாத மழைக்கு முன்னே, நடந்து பார்த்து வெட்டிவிட வேண்டும்.

பாதையோரம் இருப்பவர்களுக்கும் ஒன்று. சரிவில் புது வெடிப்பு, சாய்கிற மரம், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, காய்ந்த இடத்தில் தண்ணீர் கசிவது, இவற்றில் எதைக் கண்டாலும் போட்டோ போட்டுக்கொண்டிருக்காமல் முதலில் பக்கத்து ஸ்டேஷனுக்கோ கேட் காவலாளிக்கோ சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன்களுக்கு இடையில், எந்த மைல் கல்லுக்குக் கிட்ட என்பதையும் சேர்த்துச் சொன்னால் ராத்திரியிலும் ஆட்கள் நேரே அங்கே வந்துவிடுவார்கள்.